மொனாக்கோ கிராண்ட் ப்ரீயை நேரில் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையை ஒட்டி, இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில் இருக்கும் நாடு மொனாக்கோ. அதன் தெருக்களில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பற்றி எழுதிக் கேட்பவர்களில் பலர் முதலில் விசாரிப்பது படகுகளையும் பிரபலங்களையும். அவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் செலவழித்த பணத்துக்குக் கண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த நாள், எந்த ஸ்டாண்ட் (பார்வையாளர் மேடை), எத்தனையாவது வரிசை. இங்கே அதிக இடம் அவற்றுக்குத்தான்.

இவ்வளவு குறுகிய ஊருக்குள் பந்தயம் வைக்க வேண்டிய தேவை எப்படி வந்தது?

மொனாக்கோவின் மோட்டார் சங்கம் தன்னை ஒரு நாட்டின் தேசியச் சங்கமாக அங்கீகரிக்கும்படி சர்வதேச அமைப்பிடம் கேட்டது. அவர்கள் நடத்திவந்த மான்டி கார்லோ ராலி பெரும்பாலும் பிற நாட்டுச் சாலைகளில் ஓடியதால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சொந்த எல்லைக்குள் ஒரு பந்தயம் வேண்டும் என்றானது. எல்லைக்குள் இருந்ததோ தெருக்கள் மட்டும்தான். சங்கத்தைச் சேர்ந்த அந்தோனி நோகெஸ் போட்ட திட்டப்படி 1929 ஏப்ரல் 14 அன்று முதல் பந்தயம் நடந்தது. புகாட்டி காரில் வில்லியம் குரோவர் வில்லியம்ஸ் வென்றார். இன்று சுற்றின் கடைசி வளைவுக்கு நோகெஸின் பெயர். 1955 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2020-ல் மட்டும் பெருந்தொற்றால் ரத்தானது.

ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், மொத்தம் 78 சுற்று. தடுப்புகளையும் ஸ்டாண்டுகளையும் பொருத்த ஏறக்குறைய ஆறு வாரம், கழற்ற மூன்று வாரம் ஆகும்.

எந்த மாதம், எத்தனை நாள்?

நெடுங்காலமாக மே மாதக் கடைசியில் நடந்துவந்தது. 2026 முதல் ஜூன் முதல் வாரத்துக்கு மாறியிருக்கிறது. பழைய வழக்கப்படி வியாழனன்று பயிற்சி, வெள்ளி ஓய்வு என்று இருந்தது. 2022 முதல் மற்ற ஊர்களைப் போலவே வெள்ளி, சனி, ஞாயிறு. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வியாழனுக்கு விடுதி பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேவையில்லை. ஞாயிறன்று யார் எந்த இடத்தில் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்று வழக்கமாக உள்ளூர் நேரம் மாலை 4 மணிக்கு, ஞாயிறு பந்தயம் பிற்பகல் 3 மணிக்கு. ஃபார்முலா டூ, ஃபார்முலா த்ரீ, போர்ஷே சூப்பர்கப் கார்களும் அதே டிக்கெட்டில் ஓடும். ஞாயிறு காலையிலேயே வந்து உட்கார்ந்தால் மதியத்துக்குள் வேறு பந்தயங்களும் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு நாள்தான் போக முடியும். ஞாயிறு தானே?

சனிக்கிழமை போங்கள். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

காரணம் தடத்தின் அகலத்தில் இருக்கிறது. முன்னால் இருப்பவரை இங்கே தாண்டுவது மிகக் கடினம். ஆகவே ஞாயிறு எங்கே முடிப்போம் என்பது பெரும்பாலும் சனிக்கிழமை எங்கே நின்றோம் என்பதிலேயே அடங்கிவிடுகிறது. அதை எல்லா ஓட்டுநர்களும் அறிவார்கள். அதனால் தகுதிச் சுற்றின் கடைசிச் சில நிமிடங்களில் எரிபொருள் குறைந்த, புது டயர் போட்ட கார்கள் இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு வரும். டயரின் பக்கவாட்டு எழுத்து தடுப்பில் தேய்ந்து அழிவது வெறும் கண்ணுக்கே தெரியும். 2021-ல் மொனாக்கோக்காரரான சார்ல் லெக்ளேர் முதலிடத்துக்கான நேரத்தைப் பதித்தபின் அடுத்த முயற்சியில் நீச்சல்குள வளைவில் மோதினார். மறுநாள் அச்சுத்தண்டுப் பகுதி பழுதால் பந்தயத்தைத் தொடங்கவே முடியவில்லை. சொந்த ஊரில் முதலிடத்தில் நிற்க வேண்டியவர் தொடக்கக் கட்டத்தில் இல்லை. சனிக்கிழமையின் கனம் அவ்வளவு.

டிக்கெட்டும் ஞாயிற்றுக்கிழமையை விட மலிவு, ரயிலிலும் நெரிசல் குறைவு.

அப்படியானால் ஞாயிற்றுப் பந்தயம் வெறும் ஊர்வலமா?

சில ஆண்டுகளில் அப்படித்தான் ஆகிறது. 2024-ல் முதல் பத்து பேரும் எந்த வரிசையில் தொடங்கினார்களோ அதே வரிசையில் முடித்தார்கள். முதல் சுற்றிலேயே பெரிய மோதல் நடந்து சிவப்புக்கொடி காட்டப்பட்டது. நிறுத்தியிருந்த நேரத்தில் எல்லாரும் கட்டாய டயர் மாற்றத்தை முடித்துக்கொண்டார்கள். பிறகு டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வரவேண்டிய அவசியமே இல்லாததால் டயரைக் காப்பாற்றி மெதுவாக ஓட்டி முடித்தார்கள். இதைத் தவிர்க்க 2025-ல் கட்டாயமாக மூன்று செட் டயர் என்று விதி வந்தது. உடனே சில அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டவைத்து, பின்னால் கூட்டத்தை அடக்கி, முன்னால் போகும் கூட்டாளிக்கு பிட்டுக்குப் போய்வர இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தன. அதைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் சுவாரசியம்தான். திரையில் இடைவெளிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் புரியும்.

2017 முதல் 2025 வரை கார்கள் 2 மீட்டர் அகலம், ஐந்தரை மீட்டருக்கும் மேல் நீளம். 2026 விதிகளில் அகலம் 1.9 மீட்டர். பத்து சென்டிமீட்டர் குறைவதால் மட்டும் இந்தத் தெருக்கள் அகன்றுவிடாது.

ஆனால் மழை வந்தால் எல்லாமே மாறும். 1996-ல் ஈரத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராக விலகி, கடைசியில் ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே கார்கள். பதினான்காவது இடத்தில் தொடங்கிய ஒலிவியே பானிஸ் வென்றார்.

எந்த ஸ்டாண்டில் டிக்கெட் எடுப்பது?

முழுச் சுற்றும் தெரியும் இடம் என்று எதுவும் இல்லை. நீங்கள் எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே ஸ்டாண்ட் துறைமுகத்தை நோக்கி நீண்டு நிற்கிறது. சுரங்கத்தைத் தாண்டி சிக்கேனில் (வேகத்தைக் குறைக்கவைக்கும் இரட்டைத் திருப்பம்) வெளிவரும் கார், தபாக் வளைவு, நீச்சல்குளத்தின் நுழைவு என்று தொடர்ச்சியாக நெடுநேரம் கண்ணில் இருக்கும். எதிரே படகுகள். முதல் முறை வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதன் மேல் வரிசைகளைத்தான். டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்குப் பல நூறு யூரோ ஆகும்.

டி (T) ஸ்டாண்டில் பிட் வேலைகளும், நீச்சல்குளத்திலிருந்து ராஸ்காஸ் வளைவு நோக்கி வரும் கார்களும் தெரியும். டயர் மாற்றும் உத்திகளை ரசிப்பவர்களுக்கு ஏற்றது. பிட் ஓய்ந்திருக்கும் சனிக்கிழமை அவ்வளவு பயன் இல்லை.

வேகத்தைக் கண்ணால் நம்ப முடியாத இடம் நீச்சல்குளம். எல், ஓ, என், பி (P) ஆகிய ஸ்டாண்டுகள் அதைச் சுற்றி இருக்கின்றன. குளத்தின் முதல் இடது-வலதுத் திருப்பத்தை 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எடுக்கிறார்கள். தலை ஒரு பக்கம் திரும்பி முடிவதற்குள் கார் மறுபக்கம் போயிருக்கும். சனிக்கிழமைக்கு இங்கே எல் ஸ்டாண்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

காசினோ சதுக்கத்தின் பி (B) ஸ்டாண்ட் பெயர்பெற்றது, படத்தில் அழகு. ஆனால் போ ரிவாஷ் ஏற்றத்தில் ஏறி வரும் கார் மேட்டைத் தாண்டி, லேசாகத் துள்ளி, சதுக்கத்தைக் கடந்து மிராபோ இறக்கத்தில் மறைவதற்குச் சில நொடிகளே ஆகும். அந்தச் சில நொடிகளில் ஓட்டுநரின் துணிச்சல் முழுவதும் இருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் நாள் முழுக்க உட்கார இது மட்டும் போதாது.

ஏ1 ஸ்டாண்ட் முதல் வளைவான சேன்ட் தெவோத் அருகில். ஞாயிற்றுக்கிழமைத் தொடக்கத்துக்கு மட்டும் அதன் மதிப்பு. கொண்டை ஊசி வளைவில் கார்கள் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஃபார்முலா ஒன்னிலேயே மிக மெதுவான வளைவு அது. ஸ்டியரிங் போதாமல் போகும் என்பதால் இந்தப் பந்தயத்துக்கென்றே சக்கரம் கூடுதலாகத் திரும்பும்படி முன்பக்க அமைப்பை மாற்றுகிறார்கள். அங்கே பார்வை பெரும்பாலும் ஓட்டல் அறைகளுக்குத்தான்.

மேல் வரிசை, கீழ் வரிசை அவ்வளவு வித்தியாசமா?

மிகவும். தடத்தின் ஓரத்தில் இரும்புத் தடுப்பு, அதற்கு மேல் உயரமான கம்பிவலை. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். நேர் எதிரே பார்த்தால் வலை மறைந்துபோகும். பக்கவாட்டில் வரும் காரைப் பார்க்கும்போதோ கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரே சாம்பல் திரையாகிவிடும். கார் வருவதும் போவதும் பக்கவாட்டில்தானே. முதல் பத்து வரிசைகளைத் தவிர்க்கலாம். கே ஸ்டாண்டின் கீழ் வரிசைக்கும் வேறொரு ஸ்டாண்டின் மேல் வரிசைக்கும் ஒரே விலை என்றால் இரண்டாவதை எடுங்கள். எதிரே பெரிய திரை இருக்கிறதா என்பதையும் இருக்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திரை இல்லாத இடத்தில் ஞாயிறு பந்தயம் பாதி புரியாது.

டிக்கெட்டை மொனாக்கோ மோட்டார் சங்கத்தின் தளத்திலோ ஃபார்முலா ஒன்னின் அதிகாரபூர்வ தளத்திலோ வாங்குங்கள். நல்ல வரிசைகள் பல மாதங்களுக்கு முன்பே தீரும். நிலையத்து வாசலில் கையில் நீட்டப்படும் டிக்கெட்டை வாங்காதீர்கள்.

ரோஷே என்கிறார்களே, அது என்ன?

அரண்மனை நிற்கும் பாறையின் சரிவு. இருக்கை எண் இல்லாத, முதலில் வருபவருக்கு முதலிடம் என்ற பொது அனுமதிப் பகுதி. டிக்கெட் விலையில் இதுதான் மிகக் குறைவு. மேலிருந்து ராஸ்காஸ், கடைசி வளைவு, நீச்சல்குளத்தின் ஒரு பகுதி, துறைமுகம், எதிரே ஒரு திரை எல்லாம் தெரியும். சத்தம் போட்டு, கொடி ஆட்டி, பாட்டுப் பாடிப் பார்க்கும் கூட்டம் இங்கேதான். லெக்ளேர் 2024-ல் வென்றபோது (1931-ல் லூயி சிரோனுக்குப் பிறகு வென்ற முதல் மொனாக்கோக்காரர் அவர்) ஊர் முழுக்க எழுந்த ஆரவாரத்தை நெருக்கமாக உணர்ந்தவர்கள் சரிவில் இருந்தவர்கள்.

கஷ்டமும் உண்டு. ஞாயிறன்று விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். காலை ஏழரை எட்டு மணிக்கு மேல் போனால் கிடைப்பது மரத்துக்குப் பின்னால். சரிவு செங்குத்து, மண் வழுக்கும். மடக்கு நாற்காலி நிற்காது. தடித்த தலையணைத் துண்டு, அடிப்பிடிப்புள்ள காலணி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தேவை. இருவராகப் போனால் ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போது மற்றவர் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தனியாகப் போனால் எழுந்த இடம் போய்விடும். உட்காருமுன் நின்று பாருங்கள்: முன்னால் இருப்பவர் எழுந்தாலும் தடம் தெரிகிறதா? பந்தயம் தொடங்கும்போது எல்லாரும் எழுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த இடம் ஒத்துவராது.

டிக்கெட்டே இல்லாமல் பார்க்க முடியுமா?

காரைப் பார்ப்பது கடினம். தடம் தெரியும் இடைவெளிகளில் திரை போட்டு மறைத்திருப்பார்கள்; நடைபாதையில் நின்றால் போலீசார் நகரச் சொல்வார்கள். மேலே பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் போசொலேய் பக்கத்து உயரமான சாலைகளிலிருந்து துறைமுகம் தொலைவில் தெரியும், அவ்வளவே. ஆனால் சத்தம் கேட்பதும், மாலையில் தடத்தில் நடப்பதும், ஊரின் கோலாகலமும் இலவசம். அதற்காக மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் போவது நல்ல யோசனை.

படகிலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும்? என்ன கேட்டு முன்பதிவு செய்வது?

எர்க்யூல் துறைமுகத்தில் நிற்கும் எல்லாப் படகிலிருந்தும் பந்தயம் தெரியாது. சிக்கேன் முதல் நீச்சல்குளம் வரை தடத்தை ஒட்டிக் கட்டப்பட்ட முதல் வரிசைப் படகுகளில் மட்டும் கார் சில மீட்டர் தூரத்தில் பாயும். இரண்டாம் வரிசைக்குப் போனாலே முன் படகின் மேல்தளம் மறைக்கும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட படகில் நீங்கள் பார்ப்பது தொலைக்காட்சியைத்தான். நிறுவனங்கள் ஒரு நாள் இடமாக விற்கின்றன. பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: படகு நிற்கும் சரியான இடம் எது, பார்க்கும் தளம் தடுப்பை விட உயரமா, எத்தனை விருந்தினர், கரையிலிருந்து ஏறுவதா, சிறு படகில் கொண்டுபோவதா, எத்தனை மணிக்குள் ஏற வேண்டும். கார்கள் ஓடும் நேரத்தில் தடத்தைக் கடக்கும் வழிகள் மூடப்படும் என்பதால் தாமதமாகப் போனால் ஒரு மணி நேரமாவது வெளியே நிற்க நேரும்.

பெரும்பாலான படகுகளில் மரத்தளம் கீறாமலிருக்கக் காலணியை வாசலில் கழற்றச் சொல்வார்கள். குதிகால் செருப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

மாடி, பால்கனி?

படகை விட நல்ல பார்வை. மூன்றாம் மாடி முதல் ஏழாம் மாடி வரை சிறப்பு: வலைக்கு மேலே, ஓட்டுநரின் கைகள் தெரியும் அளவுக்கு அருகில். அதற்கு மேலே போகப்போகக் கார் சிறுத்துவிடும், ஆனால் கூடுதல் வளைவுகள் தெரியும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கைப்பிடியின் நீளம் எத்தனை மீட்டர், ஆட்கள் எத்தனை பேர். ஆறு மீட்டர் பால்கனியில் முப்பது பேரை விற்றிருந்தால் பின்வரிசையில் நிற்பவருக்கு வானம்தான்.

பிரபலங்களைப் பார்க்கலாமா?

கான் திரைப்பட விழா மே மாதத்தில் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நடப்பதால் இரண்டும் அடுத்தடுத்து வந்த ஆண்டுகளில் நடிகர்கள் நேராக இங்கே வந்தார்கள். ஜூனுக்கு மாறியதால் அந்தத் தொடர்ச்சி தளர்கிறது. அவர்கள் இருப்பது அணிகள் தங்கியிருக்கும் பகுதியான பேடாக்கிலும் தொடக்கக் கட்டத்திலும்; ஸ்டாண்ட் டிக்கெட்டில் அங்கே நுழைய முடியாது, திரையில் பார்க்கலாம்.

ஓட்டுநர்களைப் பார்ப்பது அதைவிட எளிது. பலர் இந்த ஊரிலேயே குடியிருப்பதால் வீட்டிலிருந்து நடந்தோ ஸ்கூட்டரிலோ வருவார்கள். பேடாக் துறைமுகக் கரையில் இருக்கிறது; அதன் வாசலருகே பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தடித்த பேனாவும் தொப்பியுமாக நின்றால் கையெழுத்து கிடைக்கும் வாய்ப்பு வேறு பல ஊர்களை விட அதிகம். ஞாயிறன்று பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஓட்டுநர் அணிவகுப்பு சுற்றி வரும்.

எங்கே தங்குவது, எப்படி வருவது?

மொனாக்கோவில் விடுதி விலை அந்த வாரம் பல மடங்காகும், மூன்று நான்கு இரவு சேர்த்துத்தான் தருவார்கள். ரயில் பாதையோரம் தங்குங்கள். நீஸ் நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் 20 முதல் 25 நிமிடம். இத்தாலிய எல்லையான வென்டிமில்யாவிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே, அறை வாடகையும் குறைவு. இடையில் மாந்தோன், போலியூ. நடந்தே போகும் தூரம் வேண்டுமென்றால் போசொலேய்: ஒரு தெருவைத் தாண்டினால் மொனாக்கோ.

காரில் வர வேண்டாம். ஊருக்குள் சாலைகள் மூடியிருக்கும், நிறுத்த இடம் இராது.

மொனாக்கோவுக்குத் தனி விசா கிடையாது. எல்லைச் சோதனையும் இல்லை. ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டினர் அதே விசாவில் வரலாம். மொனாக்கோவுக்கு மட்டும் வருவதென்றால் விண்ணப்பிக்க வேண்டியது பிரெஞ்சுத் தூதரகத்திடம். நாணயம் யூரோ.

ரயில் நிலையத்தில் எந்த வழியாக வெளியே வருவது?

இதில்தான் பலர் அரை மணி நேரம் இழக்கிறார்கள். நிலையம் பாறைக்குள் குடைந்தது. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு வாசல்கள். ரோஷேவுக்கும் டி ஸ்டாண்டுக்கும் ஃபோன்வியே பக்கத்து வாசல். சேன்ட் தெவோத் வாசல் முதல் வளைவுக்கு அருகில். காசினோ பக்கம் போக மேல் வாசலில் வெளியேறி மேல்தெரு வழியாகவே நடக்க வேண்டும். கீழே இறங்கிவிட்டால் தடம் குறுக்கே நிற்கும். டிக்கெட்டில் எந்த வழி என்று நிறத்தாலோ எழுத்தாலோ குறித்திருக்கும். முதல் நாள் இரவே வரைபடத்தில் அதைப் பார்த்துவையுங்கள். தெருக்களுக்கு இடையே இலவசப் பொது லிஃப்டுகளும் நகரும் படிகளும் நிறைய. அவற்றைப் பயன்படுத்தினால் ஏற்றம் ஏறிக் களைக்க வேண்டாம்.

தொலைபேசி வேலை செய்யுமா?

மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பா முழுமைக்கும் என்று வாங்கிய சிம்மில் மொனாக்கோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால், எல்லையைத் தாண்டியதும் போன் தானாக உள்ளூர் வலையமைப்பைப் பிடித்து, கட்டணம் ஏறும். தானியங்கித் தேர்வை அணைத்து, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். உயரமான பகுதிகளில் சிக்னல் கிடைக்கும், துறைமுகத்தில் சந்தேகம். எதுவாயினும் டிக்கெட்டையும் வரைபடத்தையும் முன்பே போனில் இறக்கிவைத்துவிடுங்கள். கூட்டத்தில் எல்லாருடைய போனும் தத்தளிக்கும். சேர்ந்து வந்தவர்கள் பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தைக் காலையிலேயே பேசிவையுங்கள்.

சத்தம் எப்படி?

2014-ல் ஹைப்ரிட் எஞ்சின் வந்தபின் பழைய காதைக் கிழிக்கும் அலறல் குறைந்தது. ஆனால் இங்கே இருபுறமும் கட்டடம், மேலே பாறை. ஒலி திரும்பித் திரும்பி அடிக்கும். ஃபார்முலா டூ கார்கள் வரும்போது இன்னும் கடுமை. பெரியவர்களுக்குப் பஞ்சுக் காதடைப்பு போதும். குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காதுமூடி கட்டாயம். காதடைப்பை விரலில் உருட்டி மெலிதாக்கி, காதை மேல்நோக்கி இழுத்து நுழைத்து, விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி நுழைத்தால் பயனில்லை.

சாப்பாடு? சைவர்களுக்கு?

ஸ்டாண்டுகளின் பின்னால் விற்பது ரொட்டியும் வறுவலும், வரிசை நீளம், விலை அதிகம். கோந்தமீன் சந்தையில் காலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கடலைமாவில் சுட்ட சொக்கா முழுச் சைவம். பார்பஜுவான் என்பது கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்த மொனாக்கோவின் சொந்தப் பண்டம். முட்டை, இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெங்காயத் தட்டை போலத் தெரியும் பிஸ்ஸலாதியேரில் நெத்திலி மீன் இருக்கும், கவனம். ஃபோன்வியே வணிக வளாகத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் உண்டு. கண்ணாடிப் போத்தல், தகரக் குப்பி வாசலில் பறிபோகும். தண்ணீர் பிளாஸ்டிக் போத்தலில் இருக்கட்டும்.

உடை?

ஸ்டாண்டில் எந்த உடைக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் ஊருக்குள் சட்டையில்லாமலோ வெறுங்காலோடோ நடக்கத் தடை உண்டு. போலீசார் உண்மையாகவே நிறுத்திச் சொல்வார்கள். இருக்கைகளுக்கு மேல் நிழல் கிடையாது, ஸ்டாண்டில் குடை விரிக்க முடியாது. அகன்ற தொப்பி, வெயில் களிம்பு, மெல்லிய மழைக்கோட்டு மூன்றும் பையில் இருக்கட்டும். 2022-ல் தொடக்க நேரத்தில் கொட்டிய மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. பெரும்பாலோர் நனைந்துகொண்டே காத்திருந்தார்கள். இடையில் கிளம்பிவிடாதீர்கள், மழைக்குப் பிறகு காய்ந்துவரும் தடத்தில்தான் இந்த ஊர் தன் சிறந்த பந்தயத்தைக் காட்டும்.

நல்ல படம் எடுக்க?

வலைக்குப் பின்னால் இருந்தால் லென்ஸை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலைக்கு அருகில் கொண்டுபோய், துளையை முழுதாகத் திறந்து, தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள், கம்பி கரைந்துவிடும். ஸ்டாண்டிலிருந்து அது முடியாததால்தான் மேல் வரிசை. காரோடு கேமராவைத் திருப்பி எடுக்க நொடியில் 125-ல் ஒரு பங்கில் தொடங்குங்கள்; உறையவைக்க 1000-ல் ஒரு பங்கு. 70–200 லென்ஸ் இங்கே தாராளம், கார் அவ்வளவு அருகில். போனில் எடுப்பவர்கள் காரைத் துரத்தாமல் ஒரே இடத்தைக் குறிவைத்துத் தொடர்படம் எடுங்கள். ட்ரோனுக்கு அனுமதி இல்லை.

தடத்தில் நடக்கலாம் என்பது உண்மையா?

உண்மை. அன்றைய ஓட்டங்கள் முடிந்து, தடுப்புகளில் வாசல் திறந்ததும் தடம் மறுபடி ஊரின் தெருவாகிவிடும். இந்தப் பந்தயத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும் மிக நல்ல விஷயம் இதுதான் என்று சொல்வோம். சேன்ட் தெவோத்திலிருந்து போ ரிவாஷ் ஏறிப் பாருங்கள். தொலைக்காட்சி அந்த ஏற்றத்தைச் சமதளம் போலக் காட்டிவிடுகிறது. கொண்டை ஊசியின் உள்வளைவில் சாலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தபாக்கில் தடுப்பில் எத்தனை டயர்க் கோடுகள், சாக்கடை மூடிகளை எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மூடிகளில் ஒன்று கழன்றால் என்ன ஆகும் என்பதை 2016 பயிற்சியில் ஜென்சன் பட்டனின் கார் பட்ட அடி காட்டியது. ராஸ்காஸ் வளைவில் இரவெல்லாம் இசையும் கூட்டமும். சில நேரங்களில் வண்டிப் போக்குவரத்தும் திறந்திருக்கும் என்பதால் நடுச்சாலையில் நின்று படம் எடுக்கும்போது பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடத்துக்கு இவ்வளவு அருகில் இருப்பது ஆபத்து இல்லையா?

முன்பு ஆபத்து இருந்தது. 1955-ல் ஆல்பெர்டோ அஸ்காரியும் 1965-ல் பால் ஹாக்கின்ஸும் காரோடு துறைமுகத்தில் விழுந்து உயிர்தப்பினார்கள். 1967-ல் லொரென்சோ பந்தீனி சிக்கேனில் மோதித் தீக்காயத்தால் இறந்தார். அன்று அங்கே இருந்தவை வைக்கோல் கட்டுகள். இன்று இரும்புத் தடுப்பு, வலை, டயர் அடுக்கு, துறைமுகத்தில் தயாராக முக்குளிப்போர், மோதிய காரைச் சில நிமிடத்தில் தூக்கிவிடும் கிரேன்கள் என்று ஏற்பாடு முழுமை. இந்த ஊர்ப் பணியாளர்களின் வேகத்தைப் பிற ஊர்க்காரர்களும் மெச்சுவார்கள்.

கூட்டமே ஓட்டுநரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1950-ல் முதல் சுற்றில் கடல் அலை தபாக் வளைவை நனைக்க, பல கார்கள் மோதிக் கிடந்தன. முன்னால் போய்விட்ட ஃபாஞ்சியோவுக்கு அது தெரியாது. இரண்டாம் சுற்றில் வரும்போது பார்வையாளர்கள் தன்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பதைக் கவனித்தவர் பிரேக் அழுத்தினார். பந்தயத்தையும் வென்றார்.

ஞாயிறு மாலை எப்படித் திரும்புவது?

கொடி விழுந்ததும் நிலையத்துக்கு ஓடாதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்; உள்ளே நெரிசல் ஆகாமலிருக்க வாசலில் நிறுத்திப் பகுதிபகுதியாக விடுவார்கள். அரச மேடைப் படிகளில் இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட் கோப்பை கொடுப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, தடம் திறந்ததும் ஒரு சுற்று நடந்துவிட்டு, இரண்டரை மணி நேரம் கழித்துப் போங்கள். திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே வாங்கியிருக்க வேண்டும். அவசரமென்றால் மேற்கே காப் தாய் நிலையம் வரை சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நடக்கலாம். ஆனால் மொனாக்கோவில் நிறைந்த ரயில் அங்கே இடம் இல்லாமல் வரக்கூடும். அன்றிரவே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். சிவப்புக்கொடி விழுந்தால் பந்தயம் ஒரு மணி நேரம் கூட நீளும்.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. வேறு வழி?

அதே தெரு, அதே தடுப்பு, அதே ஸ்டாண்டுகளில் வேறு இரண்டு பந்தயங்கள் நடக்கின்றன. மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ முதலில் 2015-ல் சுருக்கிய தடத்தில் ஓடியது. 2021 முதல் கிட்டத்தட்ட முழுத் தடம். டிக்கெட் மிக மலிவு, முந்துதல் மிக அதிகம், சத்தம் குறைவு. சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இது. இன்னொன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் பழங்கார் கிராண்ட் ப்ரீ. 2020-ல் ரத்தானது 2021-ல் நடந்தது மட்டும் விதிவிலக்கு. போருக்கு முந்தைய புகாட்டி முதல் 1980-களின் கார்கள் வரை, பழைய எஞ்சின்களின் முழு ஓசையோடு இதே போ ரிவாஷில் ஏறும். கார்களைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பதும் அங்கே எளிது.